பஸ்ஸின் கணக்கை லைட் பில்லில் எழுதாதீர்கள்

பெறுநர்: பிருஹன்மும்பை மாநகராட்சி ஆணையர், பெஸ்ட் (மாநகராட்சியின் மின்சார, பஸ் நிறுவனம்) பொது மேலாளர், பெஸ்ட் குழு உறுப்பினர்கள்

வணக்கம்.

இந்த மடலின் மராத்திப் படி உங்கள் கொலாபா அலுவலகத்துக்குத் தனியாக வருகிறது. தமிழில் எழுதிப் பொதுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தாராவி, மாட்டுங்கா, சயான், வடாலா, ஆன்டாப் ஹில் என்று உங்கள் மின்சாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். "யூனிட் போன மாசம் மாதிரிதானே இருக்கு, ரூபா மட்டும் எப்படிண்ணே கூடுச்சு?" என்று பில்லை நீட்டிக் கேட்கிறவர்கள் அவர்கள். பதில் சொல்ல வேண்டிய இடம் நீங்கள். கேட்கிற கேள்வி என்னவென்று அவர்களுக்கும் தெரியட்டும்.

பெஸ்ட்டை யாருக்காவது விற்றுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் இந்த ஊரில் போதுமான அளவு இருக்கிறார்கள். 1947 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, விடுதலைக்கு எட்டு நாள் முன்னால், இந்த மாநகராட்சி ஒரு தனியார் கம்பெனியிடம் இருந்து மின்சாரத்தையும் டிராமையும் பஸ்ஸையும் வாங்கியது. டிராம் 1964-ல் போய்விட்டது. மின்சாரமும் பஸ்ஸும் இன்றும் ஊர்ச் சொத்து. கொலாபாவில் இருந்து மாஹிம், சயான் வரை சுமார் 10 லட்சம் இணைப்புகள். பெரும்பாலும் நிலத்தடிக் கேபிள், தலைக்கு மேல் கம்பி தொங்காத தெருக்கள். இது எங்களுடையது என்ற உரிமையில்தான் எழுதுகிறேன்.

ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களோடு பேசும்போது இந்தப் பேச்சு வராமல் இருக்காது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இங்கே முதல் யூனிட்டில் இருந்தே மீட்டர் பேசும். எனக்கு அந்த இலவசத்தின் மேல் பெரிய மோகம் இல்லை. அங்கே மின்வாரியத்தின் கடனை மாநில அரசு தாங்குகிறது, அதாவது சுற்றி வளைத்து மக்கள்தான் தாங்குகிறார்கள். ஆனால் அங்கே யார் யாருக்காகக் கொடுக்கிறார்கள் என்பதாவது தெரியும். அரசு மானியம் என்று பட்ஜெட்டில் ஒரு தொகை இருக்கும், சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி அதைப் பிடித்துத் திட்டும். இங்கே அந்தத் தெளிவுதான் இல்லை.

சரி, விலை ஏன் ஏறுகிறது?

பெஸ்ட் இன்று மின்சாரம் தயாரிப்பதில்லை, வாங்கி விற்கிறது. பில்லில் பெரும்பகுதி அப்படி வாங்கிய மின்சாரத்தின் விலை. அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு தனியார் நிறுவனமான டாடா பவரிடம் இருந்து வருகிறது. 676.69 மெகாவாட்டுக்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சோடு முடிய வேண்டியது, பிறகு நீட்டிக்கப்பட்டது. அதில் இரண்டு வகைச் சரக்கு. ஒன்று கோபோலி, பிவ்புரி, பிரா ஆகிய மூன்று நீர்மின் நிலையங்கள். மூன்றும் சேர்ந்த முழுத் திறன் 447 மெகாவாட், அதில் பெஸ்ட்டுக்கு ஒரு பங்கு. சஹ்யாத்ரி மலையில் மழை பெய்தால் ஓடுகிறவை. கோபோலி நூறு வயதைத் தாண்டியது. நிலையம் கட்டிய கடன் எப்போதோ அடைந்துவிட்டது. இன்னொன்று டிராம்பே அனல்மின் நிலையம். அங்கே எரிவது பெரும்பாலும் இந்தோனேசியாவில் இருந்து கப்பலில் வரும் நிலக்கரி. நகரத்துக்கு நடுவே நிற்கும் நிலையம் என்பதால் சாம்பலும் கந்தகமும் குறைந்த கரிதான் எரிக்க முடியும். அந்தக் கரி டாலரில் வாங்கப்படுவது.

2022-ல் உக்ரைன் போருக்குப் பிறகு உலகச் சந்தையில் உயர்தர நிலக்கரி டன்னுக்கு 400 டாலரைத் தாண்டியபோது, அந்த வெப்பம் தாராவியின் 90 ஃபீட் ரோடு வரைக்கும் வந்தது. எரிபொருள் சரிக்கட்டல் கட்டணம் என்று பில்லில் ஒரு வரி ஏறியது. ஒரு யூனிட்கூட அதிகம் எரிக்காதவர்களுக்கும் தொகை கூடியது. கவுன்டரில் உட்கார்ந்திருந்த உங்கள் ஊழியர்கள் பாவம், "மேலே இருந்து வந்தது" என்பதற்கு மேல் அவர்களால் என்ன சொல்ல முடியும்?

இவ்வளவு விலை கொடுத்தும் ஏன் டிராம்பேயை விட முடியவில்லை என்றால், அதற்கும் ஒரு நியாயமான பதில் நேற்றுவரை இருந்தது. மும்பை தீவு. வெளியில் மலிவாக மின்சாரம் கிடைத்தாலும் அதை உள்ளே கொண்டுவரும் உயர் அழுத்தப் பாதைகள் போதாது. 2020 அக்டோபர் 12-ஆம் தேதி அந்தப் பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து, லோக்கல் ரயில் தண்டவாளத்தில் நின்றதை யாரும் மறக்கவில்லை. ஊருக்குள்ளேயே கொஞ்சம் உற்பத்தி இருந்தாக வேண்டும் என்ற வாதம் அன்று எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் 2023-ல் கார்கர் - விக்ரோலி 400 கிலோவோல்ட் பாதை வந்துவிட்டது. ஆரேவுக்கு இன்னொரு பெரிய நேர்மின் பாதையும் திட்டமிடப்பட்டது. பாதை அகலமாகிக்கொண்டே போகும்போது பழைய ஒப்பந்தத்தையே பழைய அளவில் நீட்டிப்பது எனக்குப் புரியவில்லை. நீர்மின்சாரத்தை விடாதீர்கள், அது பொன். நிலக்கரிப் பங்கை ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு குறைப்பீர்கள், அந்த இடத்தில் சூரிய ஒளியும் காற்றும் எந்த விலைக்கு எந்த ஆண்டு வரும் என்று ஒரு அட்டவணை போடுங்கள். டிராம்பேக்குப் பக்கத்தில் மாஹுலில் குடியமர்த்தப்பட்டவர்கள் சுவாசிக்கும் காற்றின் விலை எந்தப் பில்லிலும் வருவதில்லை என்பதையும் அந்த அட்டவணை போடும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

விலை ஏறும் இறங்கும், அது உங்கள் கையில் இல்லை. ஏறும்போது அடி எப்படி விழுகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்கும் உங்களைப் போலவே சொந்த மின் நிறுவனம் இருக்கிறது. பெரும்பாலும் மழையையும் பனியையும் நம்பி இருக்கிற நீர்மின்சாரம். 2010-ல் அவர்கள் கட்டண நிலைப்படுத்தல் கணக்கு என்று ஒன்றைத் தொடங்கினார்கள், இலக்கு 10 கோடி டாலர். மழை நல்ல ஆண்டில் மிச்ச மின்சாரத்தை விற்று அதில் போடுவது, வறட்சியில் எடுப்பது. கணக்கு ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் பில்லில் சின்னதாக ஒரு கூடுதல் கட்டணம் தானாக ஏறும், நிரம்பியதும் இறங்கும். அந்த மட்டம் என்ன என்பது ஊருக்கே தெரியும். மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் 2020-ல் இதே மாதிரி ஒரு யோசனையைக் கொண்டுவந்தது. எரிபொருள் விலை இறங்கிய மாதங்களின் மிச்சத்தை நுகர்வோருக்கு உடனே திருப்பாமல் நிதியாகச் சேர்த்து, ஏறிய மாதங்களில் செலவிடுவது. நல்ல யோசனை. 2022-ல் அடி பெரிதாக விழுந்தபோது அந்தச் சேமிப்பு போதவில்லை, அவ்வளவுதான். அதைப் பெரிதாக்குவது எப்படி என்பதே இனி பேச வேண்டியது.

பெரிதாக்கப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். அங்கேதான் பஸ் வருகிறது.

பெஸ்ட் பஸ் எனக்கும் வேண்டும். தாராவி டெப்போவில் இருந்து ஏறிப் போகிற ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். 2019 ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணத்தை 5 ரூபாயாக இறக்கியபோது இந்த ஊரில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர் ஷேர் டாக்ஸியை விட்டு பஸ்ஸுக்குத் திரும்பினார்கள் என்று கண்ணால் பார்த்தேன். 2025 மே 9 முதல் அது 10 ரூபாய், ஏசி என்றால் 12. மலிவான பஸ் நட்டத்தில்தான் ஓடும். நட்டத்தில் ஓட வேண்டியதும்கூட. கேள்வி, அந்த நட்டத்தை யார் சுமப்பது என்பது மட்டும்தான்.

பல ஆண்டுகள் அதை மின்சாரம் சுமந்தது. பிறகு வெளிப்படையாகவே, போக்குவரத்து நட்டத்தை ஈடுகட்டும் கட்டணம் என்று எங்கள் பில்லில் தனி வரி போட்டீர்கள். நுகர்வோர் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள். கடைசியில் ஆணையம் அதை நிறுத்தியது. இப்போது அந்த வரி பில்லில் இல்லை. ஆனால் சட்டப்படி பெஸ்ட் நிதி என்பது ஒன்றுதான், பட்ஜெட் புத்தகம் ஒன்றுதான், பொது மேலாளரும் ஒருவர்தான். பஸ் பக்கம் சம்பளத்துக்கும் ஓய்வுபெற்றவர்களின் பணிக்கொடை பாக்கிக்கும் திண்டாடும்போது மின்சாரப் பக்கம் சேமிப்பு வளரும் என்று நம்புகிற அளவுக்கு நாங்கள் குழந்தைகள் இல்லை.

இதில் உள்ள அநியாயத்தைக் கொஞ்சம் வரைபடத்தை வைத்துப் பாருங்கள். உங்கள் பஸ் போரிவலிக்கும் முலுண்டுக்கும் போகிறது. மாநகராட்சி எல்லையைத் தாண்டி, தானே நகரத்துக்கும் நவி மும்பைக்கும் போகிறது. உங்கள் மின்சாரம் சயானோடும் மாஹிமோடும் நின்றுவிடுகிறது. அந்தேரியில் இருக்கிறவர் அதானியிடமோ டாடாவிடமோ மின்சாரம் வாங்குகிறார், பாண்டுப்பில் இருக்கிறவர் மாநில மின் நிறுவனத்திடம் வாங்குகிறார். அவர்கள் பில்லில் பஸ்ஸுக்கு ஒரு காசும் போகாது. அதே பஸ்ஸின் நட்டத்தைத் தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஒரு ஃபேனும் ஒரு டிவியும் ஓட்டுகிறவர் ஏன் சுமக்க வேண்டும்? ஜெர்மனியில் மியூனிக் போன்ற நகரங்களில் நகராட்சி மின் நிறுவனத்தின் லாபத்தில் பஸ்ஸும் டிராமும் ஓடுவது பழைய வழக்கம். அதைக் காட்டி என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அங்கே மின்சாரம் விற்கும் ஊரும் பஸ் ஓடும் ஊரும் பெரும்பாலும் ஒன்று. இங்கே ஊரின் ஒரு சிறு பகுதி, முழு ஊரையும் தூக்கிக்கொண்டு நடக்கிறது.

முழு ஊருக்கும் சொந்தமான பணப்பை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் மாநகராட்சி. 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். அதில் பெஸ்ட்டுக்கு ஒதுக்கியது 1,000 கோடி. நூறு ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய்கூட வரவில்லை. வங்கிகளில் வைப்புத்தொகை மட்டும் 80,000 கோடி அளவில் இருக்கும் மாநகராட்சி இது. கடற்கரைச் சாலைக்குக் கொடுக்க முடிந்த கைக்கு பஸ்ஸுக்குக் கொடுக்க முடியாதா? காரில் போகிறவருக்கு மாநகராட்சி சாலை போட்டால் அது வளர்ச்சி, பஸ்ஸில் போகிறவருக்குப் பணம் கொடுத்தால் மட்டும் நட்டம் என்கிற கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை. சொத்து வரி கட்டும் போரிவலிக்காரரும் கொலாபாக்காரரும் சேர்ந்து பஸ்ஸைத் தாங்கட்டும். ஆண்டுத் தொடக்கத்திலேயே தொகையை முடிவுசெய்து, மாதத் தவணையாகப் பஸ் கணக்கில் போடுங்கள். மின்சார வசூலுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். அதில் இருந்து பஸ் பக்கம் ஒரு ரூபாய் கடனாகப் போனாலும் அது வட்டியோடு திரும்பும் தேதி பொதுவில் தெரிய வேண்டும். மிச்சமாவது எல்லாம் அந்த எரிபொருள் நிதிக்கு.

இதைச் செய்ய உங்களுக்குச் சட்டம் தடை இல்லை. சொல்லப்போனால் சட்டம் உங்களுக்கு அளவுக்கு மீறிச் சலுகை தந்திருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு, மின் நிறுவனங்கள் வேறு தொழில் செய்தால் கணக்கைத் தனியாக வைக்க வேண்டும் என்கிறது, ஆனால் பழைய உள்ளாட்சி அமைப்புகளுக்கு விலக்கு. 42-ஆவது பிரிவு, வாடிக்கையாளர் வேறொருவரிடம் மின்சாரம் வாங்க நினைத்தால் உங்கள் கேபிள் வழியாக விட வேண்டும் என்கிறது, அதிலும் உங்களுக்கு விலக்கு. இந்தியாவில் இந்தச் சலுகைக்குத் தகுதியான நகராட்சி மின் நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேரளத்தில் திருச்சூர் மாநகராட்சியின் மின்துறை ஒன்று. டாடாவிடம் மின்சாரம் கேட்ட நுகர்வோர் விவகாரத்தில், நீங்கள் செய்த மேல்முறையீட்டில் 2014-ல் உச்ச நீதிமன்றமும் உங்கள் கேபிளை உங்கள் சம்மதம் இல்லாமல் பயன்படுத்த முடியாது என்றது, வேண்டுமானால் டாடா தனியாகக் கேபிள் பதித்துக்கொள்ளலாம். புறநகர்க்காரருக்கு இருக்கும் தேர்வு எங்களுக்கு நடைமுறையில் இல்லை. நாங்கள் வேறெங்கும் போக முடியாது என்பதால்தான் எங்களுக்குக் கணக்குச் சொல்லும் கடமை உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்.

அந்த வேலியும் நிரந்தரம் இல்லை. ஒரே கம்பியில் பல நிறுவனங்கள் விற்கலாம் என்ற திருத்த மசோதா 2022 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்து குழுவுக்குப் போனது. 2025 அக்டோபரில் வெளியான புதிய வரைவிலும் அந்த யோசனை இருக்கிறது. என்றாவது ஒருநாள் கதவு திறக்கும். அன்று நரிமன் பாயிண்ட் அலுவலகங்களும் பெரிய ஓட்டல்களும் மலிவாகத் தருகிறவரிடம் முதலில் போய்விடுவார்கள். அவர்கள் கொடுக்கும் கூடுதல் விலையில்தான் சின்ன வீடுகளின் கட்டணம் குறைவாக இருக்கிறது. மிஞ்சப்போவது நாங்கள்தான். கணக்கு சுத்தமாகவும் வாங்கும் விலை சரியாகவும் இருந்தால் அந்த நாளைச் சமாளிக்கலாம்.

மீட்டர் பற்றி ஒரு வார்த்தை. தாராவியில் இட்லி போடும் குடும்பங்களைத் தெரியும்தானே? சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு பாதி மும்பைக்குக் காலைச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள். மதியத்தில் கிரைண்டர் ஓடும், இரவு மாவு புளிக்கும், விடியுமுன் கேஸ் அடுப்பில் வேகும். பகல் வெயில் நேரத்தில் மின்சாரம் மலிவு, மாலை உச்ச நேரத்தில் கூடுதல் என்று மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த நேரவாரிக் கட்டணம் இவர்களுக்கென்றே செய்தது போல இருக்கிறது. வெயில் நேரத்தில் 10 முதல் 20 விழுக்காடு வரை குறையும் என்றார்கள். ஆனால் அதற்கு ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் என்றால் இங்கே எல்லோருக்கும் பயம், முன்பணம் தீர்ந்ததும் ராத்திரியில் கரண்ட் போய்விடும் என்று. 10.8 லட்சம் மீட்டர்களுக்கான சுமார் 1,300 கோடி ரூபாய் வேலையை 2022-ல் அதானி குழுமத்துக்குக் கொடுத்தீர்கள். அதே ஆண்டு தாராவி மறுசீரமைப்பு ஏலமும் அதே குழுமத்துக்குப் போனது. புறநகரில் மின்சாரம் விற்பதும் அவர்களே. சாதாரண நுகர்வோருக்கு முன்பண மீட்டர் கிடையாது என்று 2024 ஜூனில் மாநில அரசு அறிவித்தது, பயம் பாதி குறைந்தது, சந்தேகம் குறையவில்லை. அதைக் குறைப்பது கஷ்டமும் இல்லை. புது மீட்டரும் பழைய மீட்டரும் மூன்று மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும், இரண்டு அளவும் பில்லில் வரட்டும். மாவு அரைக்கிறவர் எவ்வளவு மிச்சம் பிடித்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கொள்வார், உங்களுக்கு விளம்பரச் செலவு மிச்சம்.

மறுசீரமைப்புக்குப் பிறகு எழும் கட்டடங்களுக்கு மின்சாரம் கொடுக்கப்போவது பெஸ்ட்தான் என்பதை எழுத்தில் சொல்லுங்கள். இங்கே வீட்டுக்குள்ளேயே தையல் மெஷினும் தோல் வெட்டும் மெஷினும் ஓடுகின்றன. அந்த லோடுக்கு ஏற்ற துணைமின் நிலையத்துக்கு இடம் இப்போதே வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும், கட்டடம் எழுந்த பிறகு இல்லை.

கடைசியாக ஒன்று. 2022 மார்ச்சில் மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு பல ஆண்டுகள் தேர்தல் இல்லாமல், பெஸ்ட் குழுவும் இல்லாமல், அதிகாரிகளே எல்லா முடிவும் எடுத்தார்கள். மின்சாரக் கொள்முதல் நீட்டிப்பு, மீட்டர் ஒப்பந்தம், பஸ் கட்டண உயர்வு, எல்லாம் அந்தக் காலத்தில் நடந்தவை. ஊருக்குச் சொந்தமான நிறுவனத்தை ஊர் கேள்வி கேட்க இடமே இல்லாமல் நடத்திய காலம் அது. பெஸ்ட் குழு கூடும் முதல் கூட்டங்களில் ஒன்றை மின்சாரக் கொள்முதலுக்கு மட்டும் ஒதுக்குங்கள். யாரிடம் எவ்வளவு, யூனிட் என்ன விலை, எந்த ஆண்டு வரை என்ற தாளை ஒரு வாரம் முன்னால் வெளியிடுங்கள். கூட்டத்தைத் தாதரிலோ சயானிலோ மாலையில் வையுங்கள், வேலை முடிந்து வருகிறவர்கள் உட்கார நாற்காலி போடுங்கள். நாங்கள் வருகிறோம், பில்லை எடுத்துக்கொண்டு.

இப்படிக்கு,
பெஸ்ட் நுகர்வோர் ஒருவர்,
தாராவி, மும்பை 17